தங்கை ஓட்டிய கார்

காரின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் விளக்கு எரியவில்லை. பக்கத்து வண்டியில் செருகினால் உடனே எரிந்தது. தங்கையின் காரில், ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த போர்ட்டில் செருகினால் செத்துக் கிடந்தது.

சாயங்கால மழை ஷெட்டின் தகரக் கூரையை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நசுங்கிய முன்பக்கத்தோடு ஜாக்கியில் நின்ற அந்தக் காருக்குள், துருவாடையையும் பழைய ஆயில் வாடையையும் மீறி, அவள் தலைக்குத் தடவும் எண்ணெயின் மணம் இன்னும் போகாமல் இருந்தது. பாலத்து இறக்கத்தில் சுவரில் மோதி அவள் செத்து மூன்று மாதம் ஆகிறது. மோதுவதற்கு இரண்டு நாள் முன்னால் பிரேக் குழாயை மாற்றிக் கொடுத்தவன் அவள் அண்ணனான இந்த மெக்கானிக்தான். போனில் பேசிக்கொண்டே குழாயின் நட்டை முறுக்கினான். கடைசிச் சுற்று முறுக்கினானா? அது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"விட்டுடுங்க மச்சான்," என்றார் தங்கையின் கணவர், வாசலில் குடையை மடக்காமல் நின்றபடி. "எடைக்குப் போட்டுடலாம்."

"ஏதாவது பதிவாகியிருக்கும் மாப்பிள்ளை. ஒருதடவை பாத்துடுறேன்."

"பாத்து என்ன ஆகப்போகுது? அவ வேகமா போயிருப்பா. எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கேட்டாளா?"

அந்த நட்டைப் பற்றிச் சொல்லாமல் மெக்கானிக் ஸ்கேனர் கேபிளைச் சுற்றினான். மாப்பிள்ளை குடையோடு மழைக்குள் இறங்கிப் போனார். செத்தும் பழியை அவளே சுமந்துகொண்டிருந்தாள்.

அவன் மறுபடி குனிந்தான். போர்ட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் ஃபியூஸ் எரிந்துபோயிருந்தது. மாற்றினான். ஸ்கேனர் உயிர்பெற்றது, ஆனால் காரோடு பேச மறுத்தது: இணைப்பு இல்லை. சாவியைத் திருப்பிப் பார்த்தான். இணைப்பு இல்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, போர்ட்டின் தகவல் பின்கள் இரண்டிலும் மின்தடை அளக்கும் மீட்டரை வைத்தான். அறுபது ஓம் காட்ட வேண்டிய இடத்தில் நூற்றிருபது காட்டியது. காரின் கம்ப்யூட்டர் பெட்டிகளில் ஏதோ ஒன்று வரிசையிலிருந்து விட்டுப்போயிருக்கிறது. நசுங்கிய தகரத்துக்குள் கையை விட்டுத் துழாவி அதைக் கண்டுபிடித்தான். பிரேக்கின் கம்ப்யூட்டர். மோதலில் அதன் கனெக்டர் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. பச்சை பூத்த பின்களைச் சுரண்டி, துடைத்து, அழுத்திச் செருகினான்.

அறுபது.

பேட்டரியை மாட்டி, ஓட்டுநர் பக்கக் கதவருகே மண்டியிட்டு, சாவியைத் திருப்பினான். இணைந்துவிட்டது. திரையில் வரிசையாக எழுத்துகள். வேகம்: பூஜ்யம். பிரேக் மிதி: அழுத்தப்படவில்லை.

மழை நின்றுவிட்டதோ என்று நினைத்தான். நிற்கவில்லை, சத்தம்தான் எங்கோ தூரமாகப் போயிருந்தது.

பிரேக் மிதி: அழுத்தப்பட்டுள்ளது.

சுவிட்ச் கோளாறாக இருக்கும் என்று டார்ச்சை அடித்தான். மிதி மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தடையே இல்லாமல் தரைவரைக்கும் போனது. மேலே வந்தது. மறுபடி இறங்கியது.

திரையைப் பார்த்தான். வேகம்: நாற்பத்திரண்டு.

சக்கரங்கள் ஜாக்கியில் அசையாமல் நின்றன.

நாற்பத்தெட்டு. ஐம்பத்தைந்து. மிதி இப்போது படபடவென்று அடித்துக்கொண்டது. தரை. மேலே. தரை. மேலே. இறக்கத்தில் பிரேக் பிடிக்காத ஒருத்தி மிதிப்பதைப் போல.

"பாப்பா," என்றான். "நீ மிதிச்சியாடா?"

அறுபத்தொன்று.

சாவியைத் திருப்பி அணைத்தான். பிடுங்கி எறிந்தான். ஸ்கேனர் கேபிளையும் இழுத்தான். கேபிள் கையோடு வந்தது. திரை அணையவில்லை.

அறுபத்தெட்டு.

அவன் மிதிக்குக் கீழே கையை நீட்டினான். அது தரையைத் தொடக் கூடாது. எங்கேயாவது நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

மிதி இறங்கி அவன் உள்ளங்கையில் பதிந்தது. அதன் மேல் ஒரு ஆளின் எடை இருந்தது. எலும்பு நெரிந்தது. கையை எடுக்கவில்லை.

காலியான இருக்கையில் சீட் பெல்ட் மெல்ல விறைத்து, ஒரு மார்பின் வளைவில், முன்னோக்கி இழுபட்டு நின்றது.