ஒன்பது பெயர்கள்

பள்ளிக்கூட மன்றத்தில் ஒட்டடைக்குச்சி என்று எல்லாரும் கூப்பிடும் ஒல்லிப் பெண்ணை ஒன்பது பேர் வறுத்தெடுத்தார்கள். மன்றம் என்பது இணையத்தில் பிள்ளைகள் பேசிக்கொள்ளும் இடம். எந்தப் பெயரிலும் எழுதலாம். "நீ வந்தா பெஞ்சு நாறுது" என்று கரும்புலி எழுதும். முகமூடி, ராக்கெட் என்று மற்ற எட்டும் சிரிக்கும்.

ஒட்டடைக்குச்சி நான்கு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. அவளை வேறு பள்ளியில் சேர்க்க அவள் அப்பா விண்ணப்பம் எழுதிவிட்டார்.

பெஞ்சில் அவளுக்குப் பக்கத்து இடம் வாலுவுடையது. வாலு ஒரு நோட்டை எடுத்து, அந்த ஒன்பது பேரும் எப்போதெல்லாம் எழுதினார்கள் என்று குறித்தாள்.

புதன்கிழமை மாலை வரை ஒருவரும் எழுதவில்லை. அன்றுதான் வாலுவின் வீட்டு இணையக் கேபிளை எலி கடித்திருந்தது. மாலை ஏழு பத்துக்குச் சரியானது. ஏழு பன்னிரண்டுக்குக் கரும்புலி வாய் திறந்தது.

வாலு நோட்டை மூடினாள். அந்த வீட்டிலிருந்து மன்றத்துக்குப் போகிறவர்கள் இரண்டே பேர். அவள் ஒருத்தி.

அண்ணன் படுத்துக் காலாட்டிக்கொண்டிருந்தான்.

"ஒன்பதும் நீதானே?"

"என்னடி உளர்ற?"

நோட்டை அவன் நெஞ்சில் போட்டாள். படித்தான். கால் நின்றது.

"செஸ்ல எல்லார் முன்னாடியும் என்னைத் தோக்கடிச்சா. அதான். சும்மா வெளையாட்டு."

"அவ சாப்பிடவே மாட்டேங்கறாளாம்."

அவன் எழுந்து உட்கார்ந்தான். "அம்மாகிட்ட போட்டுக் குடுக்கப் போறியா?"

"அது அப்புறம். முதல்ல அவகிட்ட சொல்லணும். நீயும் வா."

"வரமாட்டேன். நீ சொன்னா உன்கூட பேசவும் மாட்டேன்."

"பேசாத."

வாலு தனியாகவே அவள் வீட்டுக்குப் போனாள். ஒட்டடைக்குச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"போடி. அதுல நீயும் ஒருத்தியா இருப்ப."

"ஒன்பது பேரெல்லாம் இல்லடி. எல்லாம் எங்க அண்ணன்தான்."

ஒட்டடைக்குச்சி மெல்லத் திரும்பினாள். நோட்டை வாங்கி வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள்.

"முகமூடி?"

"அவன்தான். தான் எழுதினதுக்குத் தானே சிரிச்சிருக்கான், லூசு."

ஒட்டடைக்குச்சியின் உதடு கோணியது. அது சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"யார் யாரா இருக்கும்னு கிளாஸ்ல உள்ள ஒவ்வொரு மூஞ்சியா நெனச்சுப் பாத்துட்டே கெடந்தேன்."

"இனி நெனைக்காத."

"உங்க அண்ணன் நாளைக்கு ஸ்கூலுக்கு வருவானா?"

"வருவான்."

"வரட்டும்" என்று சொல்லிவிட்டு, ஒட்டடைக்குச்சி கட்டிலுக்கு அடியில் கிடந்த புத்தகப் பையை இழுத்தாள்.