எழுபத்திரண்டு சொன்ன பொய்

சித்தப்பா சோபாவிலிருந்து சரிந்தார்.

கொன்றது நான்தான்.

இன்னும் சாகவில்லை, அவ்வளவுதான்.

மதியம் மொட்டை மாடியில் நான் அடித்த வாலிபால் அவருடைய இடது விலாவில் பொத்தென்று விழுந்தது. "பூ பட்ட மாதிரி இருக்குடி" என்று சிரித்துவிட்டு வெளியே போனார். மாலை ஐந்து மணிக்கு வெளுத்த முகத்தோடு திரும்பினார். பந்து விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"யாரும் தூக்காதீங்க... படுத்தே இருக்கட்டும்."

அக்கா. அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். பிரஷர் பார்த்தாள்.

"நூத்திப்பத்து. நாடி எழுபத்திரண்டு. என்ன சித்தப்பா, என்னைவிட நல்லா இருக்கீங்க. நடிப்பா?"

"தண்ணி குடும்மா... நாக்கு ஒட்டுது."

அக்காவின் சிரிப்பு நின்றது.

அவர் கையைத் தொட்டாள். ஐஸ். நெற்றியெல்லாம் வியர்வை. விரல் நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்தது... ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு...

நிறம் திரும்பவில்லை.

"தண்ணி வேண்டாம். அப்பா, ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக் குடுங்க. உள்ள எங்கயோ ரத்தம் கசியுது."

"பிரஷர் நல்லா இருக்குன்னியே?"

"உடம்பு பெரிய கஞ்சம்ப்பா. ரத்தம் குறைஞ்சா கைக்கும் காலுக்கும் கட் பண்ணி, இதயத்துக்கும் மூளைக்கும் அனுப்பிடும். பிரஷரும் கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையா காட்டும். அப்புறம் தடால்னு விழும். ஆனா நாடி குதிரை மாதிரி ஓடணுமே... இது ஏன் பார்க்குல வாக்கிங் போகுது?"

அப்பா போனும் கையுமாகத் திகைத்தார்.

"என் மாத்திரை அட்டையில தினம் ஒண்ணு ரெண்டு காணாமப் போகுது. இதயத் துடிப்பை அடக்குற மாத்திரை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"டிரைவிங் கிளாஸ்ல கை நடுங்கும்மா, தினம் ஒண்ணு போட்டேன்... இன்னிக்கு டெஸ்ட்டு... ரெண்டு போட்டேன்."

"கை நடுங்கினா, கட்டிப் போட உங்களுக்கு இதயம்தான் கிடைச்சுதா?"

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அக்கா... நான்தான். மதியம் பந்து... இடது விலாவுல."

அக்கா அங்கே மெல்ல விரல் வைத்தாள். சித்தப்பா துடித்தார். அவள் அப்பாவிடமிருந்து போனைப் பிடுங்கி ஆம்புலன்ஸை அழைத்தாள்.

"இடது விலாவுல அடி. மண்ணீரல் கிழிஞ்சிருக்கலாம். நாடியை நம்பாதீங்க, மாத்திரை போட்டிருக்கார். சீக்கிரம் வாங்க."

ஆபரேஷன் முடிந்தது. பிழைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அவர் கட்டிலருகே நின்று மூக்கை உறிஞ்சினேன்.

"மன்னிச்சிடுங்க சித்தப்பா."

அவர் கதவைப் பார்த்தார். யாருமில்லை.

"உன் பந்து இல்லடி. டெஸ்ட்ல பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டரை மிதிச்சுட்டேன். கார் நேரா சுவத்துல மோதி, ஸ்டியரிங் விலாவுல இறங்கிடுச்சு."

"அப்போ ரெண்டு நாளா நான் அழுதது?"

"சொன்னா உங்க அப்பா ஆயுசுக்கும் சிரிப்பாருடி."

"சரி... டெஸ்ட்ல பாஸா?"

"சுவரு பாஸ். ஒரு கீறல்கூட இல்ல."