மீட்டர் கண்ணாடியின் உள்பக்கம்

கார் வந்து சேர்ந்த அன்றே அதில் ஒரு வாடை இருந்தது. பழைய கார் என்றால் வாடை இல்லாமலா இருக்கும் என்று எலக்ட்ரீஷியன் அதைக் கண்டுகொள்ளவில்லை. முப்பது வருடமாகக் கார்களின் வயரை நோண்டிப் பிழைக்கிறவர் அவர். எலி செத்துக் கிடந்த காரையும் பார்த்திருக்கிறார், குழந்தை வாந்தி எடுத்து ஒரு மாதம் பூட்டிக் கிடந்த காரையும் பார்த்திருக்கிறார். ஆனால் அதெல்லாம் ஊரார் கார். இது மகளுக்காக வாங்கியது.

மகளுக்கு ஊருக்கு வெளியே வெகுதூரத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. ராத்திரி ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். சனிக்கிழமை இருட்டிய பிறகு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவள், சாவியை மேசையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, மீட்டர் ஒண்ணுமே தெரியலப்பா. என்ன வேகத்துல போறேன்னு குத்துமதிப்பாத்தான் ஓட்ட வேண்டியிருக்கு."

அவருக்குச் சுருக்கென்றது. ஊரில் உள்ள காருக்கெல்லாம் வெளிச்சம் போட்டுக் கொடுக்கிறவர், பெற்ற மகளை இருட்டில் ஓட்டவிடுவதா?

மறுநாள் நண்பகலில் காரைப் பட்டறைக்குள் ஏற்றி ஷட்டரை இறக்கினார். மீட்டர் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பட்டறை இருட்டாக இருக்க வேண்டும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் நான்கு திருகாணிகள். கழற்றி, கேபிளை உருவி, மீட்டர் பெட்டியை மடிக்கு இழுத்தார்.

வாடை முகத்தில் அறைந்தது. வாளியில் மறந்துபோன ஈரத்துணியின் வாடை. அதற்கு அடியில் இன்னொன்று, நோயாளி காலையில் வாயைத் திறந்தால் வருமே, அது.

மீட்டர் மங்குவதற்குப் பெரிய காரணம் எதுவும் இருக்காது. பல்பு கறுத்திருக்கும், பெட்டிக்குள் வெள்ளைப் பூச்சு அழுக்கேறியிருக்கும், எர்த் வயர் துருப்பிடித்திருக்கும். பின்பக்கத்துப் பல்புகளைக் கால்வாசி சுற்றுத் திருப்பினால் கையோடு வரும். இரண்டு கையும் வேலையாக இருப்பதால், கழற்றிய பல்பை உதட்டில் கவ்விக்கொள்வது அவர் வழக்கம். "கண்டதையும் வாயில வைக்காதீங்க" என்று மனைவி தலைதலையாக அடித்துக்கொள்வாள். அவர் கேட்டதே இல்லை.

முதல் பல்பு 'சளக்' என்ற சத்தத்தோடு வந்தது. கவ்விக்கொண்டார். இரண்டாவதையும் கவ்வினார்.

மூன்றாவதைத் திருகும்போது, உதட்டுக்கு நடுவில் ஏதோ இளகியது.

உப்புக் கரித்தது. பிறகு வழுவழுவென்று நாக்கின் மேல் ஊர்ந்தது.

துப்பினார். டார்ச்சைப் போட்டுப் பார்த்தார். பல்பு முழுக்கப் பழுப்பாக ஒரு பூச்சு. பெயிண்ட் இல்லை, எண்ணெய் இல்லை. காய்ந்த கோழை. ஒரு முறை பூசியது அல்ல, பூசிக் காய்ந்து, அதன் மேல் பூசிக் காய்ந்து, தோல் தோலாக ஏறியிருந்தது. அதற்குள் ஒரு சுருண்ட முடியும், கடித்துத் துப்பிய நகத்துண்டு ஒன்றும் ஒட்டிக்கிடந்தன.

மூலையில் இருந்த வாளியில் காலையில் தின்றதையெல்லாம் கக்கினார். நான்கு முறை வாய் கொப்பளித்தும் நாக்கு வழவழத்தது.

பெட்டியைத் திறந்தபோது, திறந்திருக்கவே கூடாது என்று தோன்றியது. உள்சுவர் முழுக்க அதே கோழை. அதில் ஐந்து விரல் இழுத்த கோடுகள். அந்தப் பெட்டிக்குள் விரல் நுழைய வழியே கிடையாது. திருகாணிகள் மேல் கம்பெனியில் வைத்த பெயிண்ட் பொட்டுகூட அவர் திறக்கும்வரை உடையாமல்தான் இருந்தது.

எவனோ அசிங்கம் பிடித்தவன் செய்த வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நம்பவில்லை. ஆனால் நான்கு மணிக்கு மகள் கிளம்ப வேண்டும். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார். உள்ளே வெள்ளை பெயிண்ட் அடித்து ஃபேனுக்கு நேராகக் காயவைத்தார். புது எல்.ஈ.டி பல்புகள் போட்டார். எர்த் வயரைச் சுரண்டி முறுக்கினார். எல்லாவற்றையும் பூட்டிச் சுவிட்சைப் போட்டபோது மீட்டர் பளிச்சென்று எரிந்தது. ஒவ்வொரு எண்ணும் எழுந்து நின்றது.

மகளைக் கூப்பிட்டார். அவள் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டத்தில் குனிந்து பார்த்தாள்.

"அம்மாடி, கண்ணு கூசுதுப்பா. எங்கப்பாவுக்கு இணை யாரும் கிடையாது."

"போதும் போதும், போய்க் கிளம்பு."

அவள் சிரித்துக்கொண்டே உடை மாற்றப் போனாள். அவர் சீட்டில் சாய்ந்து, தான் செய்த வேலையைத் தானே ரசித்துக்கொண்டிருந்தார்.

மீட்டர் கண்ணாடியில் ஒரு துளி ஈரம் தெரிந்தது.

துணியால் துடைத்தார். போகவில்லை. ஈரம் உள்பக்கத்தில் இருந்தது.

துளி நீண்டது. கோடானது. பக்கத்தில் இன்னொரு கோடு. பிறகு இன்னும் மூன்று.

இருபது மறைந்தது. நாற்பது மறைந்தது.

சத்தமும் கேட்டது. பல் இல்லாத வாய் எதையோ சப்புகிற சத்தம். ஒவ்வொரு சப்புக்குப் பிறகும் ஒரு தேய்ப்பு.

சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே பாய்ந்தார். காரை விற்ற மனிதருக்குப் போன் போட்டார். அந்த ஆள் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

"சார், அந்த மீட்டர் லைட்டு…"

"அதை ஏன் தொட்டீங்க?"

"உள்ள என்ன சார் இருக்கு?"

"தெரியாது. வெளிச்சம் அதுக்கு ஆகாது. எங்க வெளிச்சம் தெரியுதோ அங்க போய் அப்பும். மங்கலா இருக்கறவரைக்கும் அந்தப் பொட்டிக்குள்ளயே கிடந்துச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?" என்றார் அவர். போனை வைத்துவிட்டார்.

எலக்ட்ரீஷியன் வாய்க்கு வந்தபடி அந்த ஆளைத் திட்டினார். பிறகு மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, வயர்களை வெட்டி, மீட்டர் பெட்டியைப் பிய்த்தெடுத்து, பட்டறைக்குப் பின்னால் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார். பிளாஸ்டிக் உருகி ஒழுகியது. அதில் எரிந்த முடியின் நாற்றம் வந்தது. சாம்பலாகும்வரை அங்கேயே நின்றார்.

மகளிடம் பிரேக் சரியில்லை என்று பொய் சொன்னார். "இன்னிக்கு ஒருநாள் பஸ்ல போயிடும்மா." அவள் முகத்தைச் சுளித்தாள், ஆனால் போனாள். பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. கார் போனால் போகட்டும், பிள்ளை தப்பித்தாள்.

ஐந்தரை மணிக்குப் போன் அடித்தது.

"அப்பா, இன்னும் அரை மணி நேரத்துல போயிடுவேன்."

"சரிம்மா. பத்திரம்."

"இந்தப் போன் ஸ்கிரீன்தான் என்னமோ மங்கலா இருக்குப்பா. துடைச்சுத் துடைச்சுப் பாக்குறேன், போகவே மாட்டேங்குது."

"அந்தப் போனைத் தூக்கி வெளிய போடு."

"என்னப்பா பேசறீங்க? இருங்க, பாக்குறேன்."

பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. யாரோ சில்லறை கேட்டார்கள். அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

"போன்ல ஒண்ணும் இல்லப்பா," என்றாள், தாழ்ந்த குரலில். "இடது கண்ணை மூடிக்கிட்டா எல்லாம் நல்லாத் தெரியுது."

"என்னம்மா சொல்ற…"

"உள்பக்கமா யாரோ விரலை வச்சுத் தேய்க்கற மாதிரி இருக்குப்பா."