களைத்துப்போன ஜாம்பி

ஜாக்மெல் ஊரில் திருவிழா ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. வித்லினின் அப்பா ஒனேஸ், மந்திரவாதி எழுப்பி வேலை வாங்கும் பிணமான ஜாம்பியின் வேஷம் போட்டிருந்தார். முகமெல்லாம் வெள்ளை மாவு, இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை, மந்திரவாதி வேஷம் போட்ட கஸ்பார் மாமாவின் கையில். அதே கயிற்றில் இன்னும் சில ஜாம்பிகள் பின்னால் தள்ளாடி வந்தார்கள்.

விடியும் முன்பே எழுந்து ரொட்டிக்கடை அடுப்பில் வெந்த மனிதர், பாவம், அங்கிருந்து நேராக வேஷம் கட்ட வந்துவிட்டார். அவருக்குக் கால் பின்னுவதை வித்லின் பார்த்தாள்.

வெளியூர்ப் பையன் ஒருவன், "கடி, கடி" என்று கத்தினான். சினிமா பார்த்துக் கெட்டுப்போன பிள்ளை.

"எங்க ஊர் ஜாம்பி கடிக்காது தம்பி," என்றாள் வித்லின். "மந்திரவாதி சொன்ன வேலைய ஓயாம செய்யும். அவ்வளவுதான்."

"அப்ப பயமாவே இல்லையே."

"ராப்பகலா வேலை பாத்துப் பாரு, தெரியும்."

மற்ற வேஷங்கள் வந்தால் சனம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கலைந்துவிடும். ஜாம்பியைக் கண்டால் மட்டும் நகராது. அன்றும், "இன்னொரு தெரு, இன்னொரு தெரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கஸ்பார் மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கயிற்றைச் சுண்டி இழுத்தார்.

"மாமா, அப்பாவால முடியல. விட்டுருங்க," என்றாள் வித்லின்.

"ஜாம்பிக்கு ஏதும்மா களைப்பு? சனம் கேக்குதுல்ல."

அப்பா வாயைத் திறக்கவில்லை. ஜாம்பி பேசினால் ஊரே சிரிக்கும், குழுவின் மானம் போய்விடும். ஆனால் அடுத்த தெரு செங்குத்தான ஏற்றம். பாதியிலேயே விழுந்துவிடுவார்.

ஓரமாக லூசியென் அத்தை வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தார். வித்லின் கையிலிருந்த காசை நீட்டினாள்.

"அத்தை, உப்புத் தண்ணில நல்லா முக்கி ஒரு தட்டு குடுங்க."

"வாய்ல வைக்க முடியாதுடி."

"பரவால்ல அத்தை. கரிச்சாத்தான் நல்லது."

ஓடிப்போய் ஒரு துண்டை அப்பாவின் வாயில் திணித்தாள்.

"ஜாம்பி உப்புத் தின்னுடுச்சு," என்று யாரோ சொன்னார்கள்.

உப்பு நாக்கில் பட்டால் ஜாம்பி விழித்துக்கொள்ளும். வீட்டு ஞாபகம் வந்து நடையைக் கட்டிவிடும். எந்த மந்திரவாதியாலும் தடுக்க முடியாது. ஜாக்மெலில் இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்பா மெல்லத் தலையை நிமிர்த்தினார். கயிற்றை அவிழ்த்துப் போட்டார். கூட்டம் கைதட்டித் தீர்த்தது. மற்ற ஜாம்பிகளும் வாயைத் திறந்துகொண்டு வித்லின் முன்னால் வரிசையில் நின்றார்கள்.

கஸ்பார் மாமா அவளை முறைத்தார். பிறகு அந்த ஏற்றத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டபடி நடைபாதையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"காலையிலேர்ந்து கத்திக் கத்தி எனக்கும் உசிர் போகுதும்மா. தட்டுல ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

வித்லின் இருப்பதிலேயே பெரிய துண்டை எடுத்துக் கொடுத்தாள். அதை மென்றபடியே மந்திரவாதியும் வீட்டைப் பார்த்து நடந்தார்.