சனிக்கிழமைப் பூட்டு

டெலிபோன் அலறியது!

ஸ்டாக்ஹோமில் திங்கள் மத்தியானம். தீவு வீட்டிலிருந்து அப்போதுதான் திரும்பிய பேரித், கோட்டைக்கூடக் கழற்றாமல் எடுத்தாள்.

"பத்திரிகையிலேருந்து பேசறேன். நடிகை யில்வா லுண்டேல் இன்னிக்குக் காலையில வீட்டு உள்படியில பிணமா கிடந்தாங்க... நீங்க அவங்க தோழியாமே?"

"ஐயோ... என் யில்வாவா!"

அழுகை தடையில்லாமல் வந்தது. அவளும் நாற்பது வருட நடிகையாயிற்றே!

"நான் சொல்றது எத்தனாவது பக்கத்துல வரும்?"

"முதல் எட்டு பக்கமும் அவங்கதான். உங்களுக்கு உள்ள ரெண்டு வரி..."

செத்தும் இடம் தரமாட்டேன் என்கிறாளே!

நடிப்புப் பள்ளியில் இருவரும் ஒரே பெஞ்சு. பிறகு யில்வாவுக்கு ரோம், பாரிஸ், பதினோரு விருது, மூன்று புருஷன். பேரித்துக்கு? யில்வாவின் ஒன்பது படங்களில் காபித் தட்டு ஏந்தும் வேலைக்காரி வேஷம். குடியிருப்பும் அவளுக்குக் கீழ் வீடு!

போன வாரம் யில்வாவின் சுயசரிதை வந்தது. நானூறு பக்கம். பேரித்துக்கு ஒரே வரி... 'கீழ் வீட்டுப் பெண் காபி நன்றாகப் போடுவாள்.'

சனிக்கிழமை மத்தியானம் படி உச்சியில் ஒரு தள்ளு. அவ்வளவுதான்! வெள்ளியன்றே தீவுக்குப் போவதாகக் கட்டடம் பூராவும் சொல்லி வைத்திருந்தாள்.

அழைப்பு மணி!

இன்ஸ்பெக்டர் தோர்ஸ்டென். ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, ஓட்டை சாக்ஸோடு உள்ளே வந்தார்.

"விழலை மேடம். யாரோ தள்ளியிருக்காங்க... முதுகு கன்னிப் போயிருக்கு. சனிக்கிழமை நீங்க எங்க?"

"தீவுல. வெள்ளிக்கிழமை போனவ இப்பத்தான் வர்றேன்."

"சாவிக்கொத்து யார்கிட்டயாவது குடுத்தீங்களா?"

"சேச்சே! என் பையிலயேதான் இருந்துச்சு."

"அப்ப ஒரு சின்ன சந்தேகம்... கீழே எல்லாருக்கும் பொதுவா துணி துவைக்கிற ரூம்ல, அவங்கவங்க பூட்டை மாட்டி நேரம் பிடிக்கிற பலகையில, சனிக்கிழமை மூணு மணிக்கு உங்க பூட்டு தொங்கிச்சு. ரெண்டாவது மாடி மார்க்ரெட்டா காலையில பார்த்திருக்காங்க. ரெண்டரைக்குப் போனா... பூட்டு செவ்வாய்க்கு மாறியிருக்கு! உங்க சாவி இல்லாம அது கழலாதே! காலியா இருக்கேன்னு நாலு ஜன்னல் திரை துவைச்சாங்களாம்."

பேரித்தின் கை பையிலிருந்த சாவிக்கொத்துக்குப் போனது.

சனிக்கிழமை பின்வாசல் வழியே நழுவும்போது அந்தப் பூட்டு கண்ணில் பட்டுத் தொலைத்தது. நேரத்தைப் பிடித்துவிட்டுத் துவைக்காமல் போனால், கதவில் திட்டி எழுதி ஒட்டுகிற கட்டடமாயிற்றே! கை தானாகச் சாவியை எடுத்தது...

"ஆளைக் கொன்ன கையோட... அடுத்தவங்க துவைக்கட்டும்னு!"

"அது... ஒரு மரியாதை இல்லையா?"

"கிளம்புங்க மேடம்."

பேரித் நிமிர்ந்தாள். "வர்றேன்! ஜெயில்லயாவது அவ மூஞ்சியைப் பார்க்காம நிம்மதியா இருப்பேன்."

தோர்ஸ்டென் ஷூ கயிற்றைக் கட்டியபடியே சிரித்தார்.

"அங்க வாராவாரம் சினிமா உண்டு. இனி மாசம் பூரா யில்வா படம்தான்... கவலைப்படாதீங்க, ஒன்பது படத்துல நீங்களும் வருவீங்களே, காபித் தட்டோட!"