பூஜ்யம் காட்டிய தம்ளர்

"எம் மாப்பிளைய கொன்னுட்டானுவ!"

லேபின் வரவேற்பறையிலிருந்து வந்த அலறலில் ரெனிஷா திரும்பிப் பார்த்தாள்.

அலறியவள் ஞானசெல்வி. குளச்சல் மீன் வியாபாரி சுந்தர்சிங்கின் மனைவி... நேற்று வரை! காலையில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்தார் மனிதர். மாரடைப்பு என்று எழுதிவிட்டார் டாக்டர். நாலு மணிக்கு அடக்கம்.

இப்போது மணி இரண்டரை.

மண்ணுக்குள் போய்விட்டால் அப்புறம் யார் தோண்டிப் பார்ப்பார்கள் என்று அழுதாள் அவள். இன்ஸ்பெக்டர் ராஜமணிக்கும் சந்தேகம். அரசு ஆய்வகம் என்றால் மாதக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் நாகர்கோவிலில் இருந்த இந்தத் தனியார் லேபுக்கு, சுந்தர்சிங் மிச்சம் வைத்த சீரக வெள்ளத்தை, அதாவது சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை, தம்ளரோடு தூக்கி வந்திருந்தார். கூடவே, அதே ஆபீஸிலிருந்த சீரக வெள்ள ஃப்ளாஸ்க்.

ரெனிஷா வேலையில் சேர்ந்து மூன்றே மாதம்.

விஷம் கலந்த தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத ஒளியை விழுங்கும். எவ்வளவு விழுங்கியது என்று மெஷின் சொல்லும். சீரகமும் கொஞ்சம் விழுங்குமே... அதனால் முதலில் நல்ல சீரக வெள்ளத்தை வைத்து, 'இதுதான் பூஜ்யம்' என்று மெஷினுக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஃப்ளாஸ்க்கில் இருப்பதை வைத்து ஜீரோ செய்யச் சொன்னார் லேப் தலைவர் ராஜையன். செய்தாள். அடுத்து, தம்ளரில் இருந்ததை வைத்தாள்.

0.000.

"விஷம் இல்ல. எழுதிக் குடு" என்றார் ராஜையன்.

பேனாவை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

பூஜ்யம் என்றால் விஷம் இல்லை என்றா அர்த்தம்? தம்ளரும் ஃப்ளாஸ்க்கும் ஒன்று என்றுதானே அர்த்தம்? ஃப்ளாஸ்க்கிலேயே விஷம் இருந்தால்...?



சீரக வெள்ளம் காய்ச்சாத வீடு இந்த ஊரில் ஏது? பையைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலை எடுத்தாள். அதை வைத்து ஜீரோ செய்தாள். மறுபடி தம்ளர்.

1.914!

ஃப்ளாஸ்க்?

1.912!

ராஜையனின் முகம் கறுத்தது. ஒவ்வொரு வீட்டுச் சீரகமும் ஒவ்வொரு மாதிரி என்றார். வேலை வேண்டுமா, வேண்டாமா என்றார்.

ரெனிஷாவுக்கு வேலை வேண்டும். ஆனாலும் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"ஃப்ளாஸ்க்கையும் கொண்டுவரச் சொன்னது யாரு சார்?"

"உங்க சார்தான். நான் போன்ல தம்ளர்னு மட்டுந்தான் சொன்னேன். அவருதான், மேசைக்கு அடியில ஃப்ளாஸ்க் இருக்கும், அதையும்..."

ராஜமணி பாதியில் நிறுத்தினார்.

வாசலில் வந்து நின்ற ஞானசெல்வியின் அழுகையும் நின்றிருந்தது. "கெடாம இருக்க மருந்தடிச்ச மீனுக்கு நல்ல மீன்னு ஒரு லேபு எழுதிக் குடுக்குது, இன்னைக்கு புகார் குடுக்கப் போறேன்னு நேத்து அவரு சொன்னாரு. எந்த லேபுன்னுதான் சொல்லல்ல."



"மெஷின் கோளாறு" என்றார் ராஜையன்.

"இருக்கும்." ராஜமணி நிதானமாக ஃப்ளாஸ்க்கைத் திறந்தார். மூடி நிறைய ஊற்றி நீட்டினார். "அப்போ ஒரு மடக்கு குடிச்சுக் காட்டுங்க சார். நாலு மணிக்கு அடக்கத்த நடத்திருவோம்."

ராஜையன் ஓரடி பின்வாங்கினார். நெற்றி வியர்த்தது.

"எ... எனக்குத் தாகமில்ல."

"பரவால்ல, வண்டியில ஏறுங்க" என்றார் ராஜமணி, விலங்கை எடுத்தபடி. "ஜெயில் களி தொண்டையில நின்னா, தாகம் தன்னால வரும்."