இரண்டாவது ஊதல்

"எனக்கு வேலை திரும்ப வேணாம் சார். அந்த ஆளு வேலை போகணும்," என்றாள் பேருந்து ஓட்டுநர்.

மைத்துனனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓய்வுபெற்ற போலீஸ்காரரான அத்தானிடம் இவ்வளவு சூடாக ஒரு வழக்கு வந்து வெகுநாளாயிற்று. அத்தானோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நடந்ததைச் சொல்லும்மா."

"நீண்ட லீவு போட்டுட்டு வந்தா, ஸ்டியரிங்கைத் தொடுறதுக்கு முன்னாடி மெஷின்ல ஊதிக் காட்டணும். எங்க டிப்போ ரூல் அது. ஆறு மணிச் சங்கு ஊதும்போதுதான் நானும் ஊதினேன். குடிச்சிருக்கேன்னு காட்டுச்சு. அப்படிக் காட்டினா, கால் மணி நேரம் உக்கார வச்சு மறுபடி ஊதச் சொல்லணும். வாயில சும்மா ஒட்டியிருக்கிறது அதுக்குள்ள போயிடும், நிஜமா குடிச்சவன்தான் மாட்டுவான். சோதனை பண்ற அந்த ஆளு உக்காரவே விடல. உடனே ஊதுன்னான். அதுலயும் குடிச்சதாத்தான் காட்டுச்சு. ஆனா மெஷின்ல வந்த ரெண்டு சீட்டுக்கும் நடுவுல கால் மணி நேரம் போன மாதிரி அச்சாயிருக்கு. நான் கத்தினேன். மேனேஜர் வந்தார். அந்த ரூமை அப்படியே பூட்டுங்கன்னேன். பூட்டிட்டார். என்னையும் சஸ்பெண்ட் பண்ணிட்டார்."

"நீங்க குடிப்பீங்களா?" மைத்துனன் குறுக்கே பாய்ந்தான்.

"இதை உங்க அக்காகிட்ட கேப்பீங்களா?"

"கேட்டா அன்னிக்குச் சாப்பாடு கிடையாது," என்று முனகிக்கொண்டு பின்வாங்கினான்.

மறுநாள் மேலாளர் சோதனை அறையைத் திறந்துவிட்டார். மேசை ஒன்று, நாற்காலிகள் இரண்டு, சுவரில் ஒரு கடிகாரம். மேசைமேல் இயந்திரம் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் வாசலோரம் நின்றாள். சோதனையாளர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். டிப்போவில் அவருக்கு 'ஊதுங்க சார்' என்று பெயர். அந்த ஒரு சொல்லைத் தவிர அவர் வாயிலிருந்து வேறெதையும் யாரும் கேட்டதில்லையாம்.

அத்தான் இயந்திரத்தின் சிறு திரையைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தன் மணிக்கட்டைப் பார்த்தார்.

"உங்க மெஷின் கால் மணி நேரம் முன்னால ஓடுதே?"

"பழசு சார். எப்பவுமே அப்படித்தான்," என்றார் ஊதுங்க சார்.

"எப்பவுமேவா? சங்கு ஊதும்போது எடுத்த முதல் சீட்டுல சரியா ஆறு மணின்னுதானே இருக்கு?"

மைத்துனனுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"அத்தான், அப்போ முதல் ஊதலுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுலதான் முள்ளைத் திருப்பியிருக்காரு."

"முள்ளு ஏது மாப்ளே, பொத்தான்தான். தினமும் திருப்பி, வேலை முடிஞ்சதும் பழையபடி வச்சிடுவார். அன்னிக்கு அதுக்குள்ள ரூம் பூட்டு விழுந்திடுச்சு."

ஊதுங்க சாரின் முகம் வெளிறியது. "வெளியே வரிசை நிக்குது சார். ஒவ்வொருத்தரா கால் மணி நேரம் உக்கார வச்சா பஸ் எப்பக் கிளம்பும்? சரி, நான் பண்ணது தப்பு. ஆனா அவ வாயில சரக்கு எங்கிருந்து வந்துச்சு? அதையும் கேளுங்க."

"கேக்கத்தான் போறேன்." அத்தான் ஓட்டுநரின் பக்கம் திரும்பினார். "லீவுல போய் வந்தா சோதனை உண்டு. ஆக, எந்த நாள் ஊதணும்னு முடிவு பண்ணது நீங்க. பொய்யா மாட்டிக்கிட்டவங்க பதறுவாங்க, அழுவாங்க. நீங்க ரூமைப் பூட்டச் சொன்னீங்க. என்கிட்ட வந்தப்பவும் வேலை வேணும்னு ஒரு வார்த்தை சொல்லல. வாய் கொப்பளிக்கிற மருந்துதானேம்மா?"

அவள் கண் இமைக்கவில்லை.

"ஆமா. வாசல்ல வச்சே கொப்பளிச்சிட்டு வந்தேன். போன வருஷம் இதே நாற்காலியில என் தம்பி இருமல் மருந்து குடிச்ச வாயோட ஊதினான். உடனே மறுபடி ஊதச் சொன்னாங்க. காக்கவே வைக்கலன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டான். சீட்டைக் காட்டி வாயை அடைச்சாங்க. இப்போ குடிகாரன்னு பேர் வாங்கிட்டு, பெத்த அம்மா முகத்தைக்கூட நிமிந்து பாக்காம ஒரு ஷெட்ல லாரி கழுவுறான்."

"அதுக்காக என்னைக் கவுக்கப் பாத்தியா?" ஊதுங்க சார் எழுந்துவிட்டார்.

"கவுக்கல. தப்பிக்க வழி விட்டுத்தான் வலை விரிச்சேன். அந்தக் கால் மணி நேரம் என்னை உக்கார வச்சிருந்தீங்கன்னா மெஷின் சுத்தம்னு சொல்லியிருக்கும். நானும் வாயை மூடிக்கிட்டு பஸ்ஸை எடுத்திருப்பேன்."

மேலாளர் தொண்டையைச் செருமினார். ஊதுங்க சாருக்கு இனி இங்கே வேலையில்லை என்றார். இவர் கையால் குடிகாரர் ஆனவர்கள் எல்லோருடைய வழக்கையும் மறுபடி விசாரிப்பதாகச் சொன்னார், தம்பியுடையதைத்தான் முதலில். பிறகு தயங்கித் தயங்கி, சோதனையை ஏமாற்றுவதும் விதிப்படி குற்றம், அவளுடைய வேலையும் போகும் என்றார்.

"தெரிஞ்சுதான் வந்தேன் சார்." சட்டையில் குத்தியிருந்த வில்லையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

ஏதாவது செய்யுங்கள் என்று மைத்துனன் அத்தானைப் பார்த்தான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஊதுங்க சார் மெதுவாக உட்கார்ந்தார். நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"உன் தம்பி... எந்தப் பையன்மா அது?"

வாசல்வரை போனவள் நின்றாள். அவர் தன் தம்பியை வெறுத்திருப்பார், பழிவாங்கியிருப்பார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவருக்கோ அவன் முகம்கூட நினைவில்லை.

"நல்லா யோசிங்க," என்றாள். "இனிமே உங்களுக்கு வேற வேலை இல்ல."